சிவப்புத் தொப்பியும் என் கரிநாக்கும்

1

ஜாஃபருக்குப் பனியைப் பற்றி எழுதினால் பிடிக்காது. மேற்குத் தாம்பரத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் என் பால்ய நண்பன் அவன். அந்தக் கடையின் பரணில் உட்கார்ந்துகொண்டு நான்கு பக்க வார இதழ் ஒன்றையும் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பாக்கெட்டோடு உங்கள் வாசலில் வந்து விழுகிற இதழ்தான், இப்போது உங்கள் கையில் இருப்பது. போன வாரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான், அமெரிக்காவுலேந்து எழுதுறவன் அத்தினி பேரும் பனி கொட்டுது, பாலம் பெருசா கீது, பக்கத்து வூட்டுக்காரன் பேச மாட்டேங்கறான்னே எழுதுறான். படிச்சுப் படிச்சு எனக்கே ஜுரம் வந்துடுச்சு. நீ இன்னா பண்றே, அங்க உருட்டுக்கட்டைய வெச்சுகினு ஒரு ஆட்டம் ஆடுவாங்களே, அதுல எதுனா பெரிய மேட்ச் வருதா?"

வருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று ஆட்டங்கள். அதற்கு ஒரு முன்னோட்டம் எழுதித் தருகிறேன் என்றேன். ஜாஃபர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கடைசி வரியில் யார் ஜெயிப்பார்கள் என்று நான் என் வாயால் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். மேற்குத் தாம்பரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் வருகிறது.

இதழ் உங்கள் கைக்கு வரும்போது இங்கே முதல் ஆட்டமாவது முடிந்திருக்குமே, பிறகென்ன முன்னோட்டம் என்று யாராவது கேட்கலாம். ஜாஃபரின் இதழில் கல்யாண வாழ்த்து குழந்தையின் காதுகுத்துக்கு வந்ததுண்டு. அதற்கு இது தேவலை.

2

முதலில் ஆட்டம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பால் புரிவது கஷ்டம். தெரியாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். பந்து தரையில் குத்தி வராது, நேராகப் பாய்ந்து வரும். மூன்று முறை கோட்டைவிட்டால் ஆள் வெளியே. பின்பக்கமாகத் தட்டிவிட்டு நைசாக நாலு ரன் எடுக்கும் நம்முடைய சாமர்த்தியம் இங்கே செல்லாது. அடித்தவுடன் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் எங்கள் கிரிக்கெட் டீமில் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே மட்டை. அதை யாராவது அப்படி வீசியிருந்தால் கேப்டன் ஜாஃபர் அவனையும் சேர்த்து வீசியிருப்பான்.

மைதானத்தில் நான்கு மூலை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, மாடம்பாக்கம் கோயிலில் பிராகாரம் சுற்றுவது மாதிரி சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்றாவது மூலை வரை வந்து நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது. வந்து சேரும் அந்த இடத்துக்கு 'ஹோம்' என்று பெயர். புழுதியில் சறுக்கிக்கொண்டு வந்து விழுகிறவனைக் குனிந்து பார்த்து அம்பயர் "சேஃப்" என்கிறார். நானும் இத்தனை வருடமாக இந்த நாட்டு விமான நிலையங்களில் வந்து இறங்குகிறேன், ஒரு அதிகாரியும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. பெட்டியில் ஊறுகாய் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

அணிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கொத்துக்கு டிவிஷன் என்று பெயர். ஒரே டிவிஷனில் இருப்பவர்கள் வருடத்தில் பலமுறை மோதிக்கொள்ள வேண்டும், அதில் முதலில் நிற்பவருக்குத்தான் அடுத்த கட்டம் நிச்சயம். ஆகவே எங்கேயோ இருப்பவனிடம் இல்லாத பகை பக்கத்து ஊர்க்காரனிடம் இருக்கும். தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு தாம்பரம், மேற்கே ஒரு தாம்பரம். பல்லாவரத்துப் பையன்களிடம் தோற்றுவிட்டு வந்தால் மேற்குக்காரர்களான எங்களுக்குச் சோறு இறங்கும். ஈஸ்ட்டிடம் தோற்றால் இறங்காது.

3

இப்போது அந்தச் சிரிப்புக்குக் காரணம். எனக்குக் கரிநாக்கு. நான் வாய்விட்டுப் புகழ்ந்த எதுவும் உருப்பட்டதில்லை. ஹெட்மாஸ்டர் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அன்று, "சூப்பர் வண்டி சார்" என்றேன். சாயங்காலம் நாங்கள் நாலு பேர் அதைத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டோம். "இன்னிக்கு நாமதான்" என்று நான் சொன்ன எந்த மேட்சையும் வெஸ்ட் ஜெயித்தது கிடையாது. மற்ற பையன்கள் என்னை உதைக்கக் கூடியபோது ஜாஃபர்தான் தடுத்தான். அவன் மூளையே வேறு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஈஸ்ட்-வெஸ்ட் மேட்சுக்கு முன்னாலும் என்னைத் தண்டவாளம் தாண்டி அழைத்துக்கொண்டு போய், ஈஸ்ட் கேப்டனுக்கு எதிரில் நிறுத்தி, "சொல்றா" என்பான். "இன்னிக்கு ஈஸ்ட்டுதான் ஜெயிக்கும்!" என்று உரக்கக் கத்துவேன். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒருமுறை நான் பேச முடியாதபடி வாய் நிறையக் கடலை மிட்டாயைத் திணித்துப் பார்த்தார்கள். தின்று முடித்துவிட்டுச் சொன்னேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பா வாடகை வீட்டை மேற்கிலிருந்து சேலையூருக்கு மாற்றினார். சேலையூர் கிழக்குப் பக்கம். சாமான்கள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஈஸ்ட் பையன்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இனி இவன் எங்கள் ஆள் என்றார்கள். என் ஆட்டத்துக்கு மயங்கி வந்தார்கள் என்று தப்பாக நினைக்க வேண்டாம், அவர்களுக்கு வேண்டியிருந்தது நாக்கு. அப்போது ஜாஃபர் சைக்கிளில் வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"வூடு மாறலாம். டீம் மாறக்கூடாது."

பள்ளிக்கூடம் முடிக்கும் வரை நான் ரயில்வே கேட்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு தண்டவாளம் தாண்டிப் போய் வெஸ்ட்டுக்குத்தான் ஆடினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, ஜாஃபர் என் மகள் மீராவைக் கடை ஸ்டூலில் உட்காரவைத்து, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து, என் நாக்கைப் பற்றியும் தன் சட்டத்தைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறான். அதன் பலனை இப்போது நான் அனுபவிக்கிறேன்.

4

மீராவுக்கும் இப்போது பதின்மூன்று வயது. அவள் பிறந்து வளர்ந்தது நாங்கள் முதலில் இருந்த ஊரில். போன வருடம் எனக்கு வேலை மாறியது, ஐந்து மணி நேரம் கார் ஓட்டும் தொலைவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தோம். பழைய ஊரின் அணிக்குச் சிவப்புத் தொப்பி. இந்த ஊரின் அணிக்கு நீலத் தொப்பி. இரண்டும் ஒரே டிவிஷன்.

வந்த வாரமே நான் நீலத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லோரும் நீலம். நான் மட்டும் சிவப்பு என்று நின்றால் மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் யார் உட்காருவார்கள்? என் மனைவி சுமதிக்கு எந்தத் தொப்பியும் கிடையாது, முடி கொட்டும் என்கிறாள். மீரா மட்டும் மாறவில்லை. புதுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாளே சிவப்புத் தொப்பியோடு போனாள். மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று அவளுடைய டீச்சர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவளை உட்காரவைத்து உபதேசம் செய்தேன்.

"இருக்கிற ஊருதாம்மா நம்ம ஊரு. நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

"வூடு மாறலாம். டீம் மாறக்கூடாது," என்றாள். "ஜாஃபர் அங்கிள் சொன்னான்."

பெரியவர்களை அவன் இவன் என்று சொல்லக்கூடாது என்று திருத்தினேன். வேறு எதையும் திருத்த முடியவில்லை. என் மகளுக்குத் தடுமாறாமல் வருகிற தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். அதிலும் அந்த 'வூடு' அப்படியே ஜாஃபர்.

அது போகட்டும். இந்தக் கோடையில் நாங்கள் தாம்பரம் வரும் முறை. மாடம்பாக்கத்தில் என் அண்ணா மாடியில் ஒரு அறை கட்டி, ஏசி போட்டு, மீரா ரூம் என்று பெயரும் வைத்துவிட்டார். போன மாதம் அவள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள்: தாம்பரத்துக்கு வரப்போவதில்லை. பழைய ஊரில் அடுத்த வீட்டில் இருந்த தோழி கேட்டியின் வீட்டுக்குப் போகப் போகிறாள், ஐந்து வாரமும் அங்கேதான். கேட்டியின் அம்மாவிடம் பேசி முடித்தாயிற்று.

"பெரியப்பா உனக்காக ரூம் கட்டியிருக்காரும்மா. அது உன் ஊரு."

"இல்லப்பா. அது உன் ஊரு. நான் அங்க டூரிஸ்ட். என் பாஸ்போர்ட்ல அப்படித்தான் போட்டிருக்கு."

போட்டிருக்கிறது. போன தடவை அவளுடைய அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்க அவளை இந்தியத் தூதரகத்துக்கு அழைத்துப்போனேன். புகைப்படத்தில் ஒரு காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காதோடு மறுபடியும் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், நம் பக்கத்துக்காரர்தான், என்ன விஷயமாகப் பயணம் என்று கேட்டார். "சொந்த ஊருக்கு சார்" என்றேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டு 'டூரிஸ்ட்' என்று முத்திரை குத்தினார். மீரா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சிரித்தேன், இப்போது அவள் முறை.

சண்டை இரண்டு வாரம் நடந்தது. கடைசியில் சுமதிதான் கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"நீலமும் சிவப்பும் மூணு மேட்ச் ஆடுது இல்ல? எது ரெண்டு ஜெயிக்குதோ அந்தத் தொப்பி சொல்றபடி நடக்கும். நீலம்னா தாம்பரம், சிவப்புன்னா கேட்டி வீடு. அப்புறம் யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டோம். பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் வர வேண்டும். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவைக்குள் பதினைந்து வயதாகிவிடும், பிறகு காலேஜ் என்பாள். அப்புறம் வந்தால் அண்ணா வீட்டில் கூல்டிரிங்ஸ் கொடுத்து சோபாவில் உட்காரவைக்கிற விருந்தாளியாகத்தான் வருவாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

5

இனி ஆட்டக்காரர்கள். இவர்களுடைய நிஜப் பெயர்கள் நம் வாயில் நுழையாது என்பதால் நானே பெயர் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் நீலத்துக்காகப் பந்து வீசப்போவது ஒட்டடைக்குச்சி. இடது கைக்காரர், உயரத்துக்கு ஏற்ற சதை கிடையாது. அவர் காலைத் தூக்கிக் கையைச் சுற்றும்போது எந்தப் பக்கத்திலிருந்து பந்து வரும் என்று அவருக்கே தெரியாது என்கிறார்கள். எதிரில் சிவப்புத் தொப்பியின் பீரோ நிற்பார். கோத்ரெஜ் பீரோவை நிமிர்த்தி வைத்து மட்டையைக் கொடுத்த மாதிரி இருப்பார். ஓடச் சொன்னால் யோசிப்பார். ஆனால் அவர் அடிக்கிற பந்து மைதானத்தை விட்டு வெளியே போய்விடுவதால் ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

சனிக்கிழமை இரண்டு பக்கமும் சுமாரான ஆட்கள், ரன் நிறைய வரும், ஆட்டம் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முக்கியம். அதற்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறோம். சுற்றிலும் நீலத் தொப்பிகள் கத்திக்கொண்டிருக்க, நடுவில் ஒரே ஒரு சிவப்புத் தொப்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டிவிஷன் பட்டியலில் சிவப்பு ஒரு ஆட்டம் முன்னால் இருக்கிறது. ஆனால் ஆட்டம் நடப்பது எங்கள் மைதானத்தில். ஆகவே பலம் சரிசமம்.

என் நாக்கு இந்த நாட்டில் செல்லுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். போன மாதம் அலுவலக நண்பர்களோடு ஒரு ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஒட்டடைக்குச்சி அன்று யாரையும் முதல் மூலையைக்கூடத் தொட விடவில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரம், எங்கள் வரிசை முழுக்க ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது இவர்களுடைய சாஸ்திரமாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் நல்லெண்ணத்தில், "அடடா, இன்னும் ஒருத்தர்கூட அடிக்கலையே, பிரமாதம்!" என்றேன். அடுத்த பந்து அடி வாங்கி எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது. அந்த வரிசையே எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மேலதிகாரி மிகவும் மரியாதையாக, இனிமேல் வானிலையைப் பற்றி மட்டும் பேசும்படி கேட்டுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் என் நாக்குக்கு மட்டும்தான் விசா தேவைப்படவில்லை.

நடந்ததை ஜாஃபரிடம் சொன்னேன். அவன் குதித்தான்.

"அப்போ பேஜாரே இல்லையே! செவப்புதான் ஜெயிக்கும்னு எழுதிடு மச்சான். நம்ம பேப்பர்ல அச்சுல ஏறிச்சுன்னா டபுள் எஃபெக்ட். பாப்பா தானா பொட்டி கட்டிகினு தாம்பரம் வந்துடும். நான் பன்னீர் சோடாவ ஃப்ரிட்ஜ்ல வெச்சிடறேன்."

அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். கடைசி வரியை முதலிலேயே எழுதியும் வைத்துவிட்டேன்.

6

புதன்கிழமை ராத்திரி சுமதி என்னை ஜன்னலுக்கு அழைத்தாள். சில நாட்களாகவே மீரா இரவுச் சாப்பாடு ஆனதும் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாளாம். வாசலில் நிற்கும் காருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம்.

"யாரோடயாவது போன்ல பேசறாளான்னு பாருங்க. நான் போனா எரிஞ்சு விழுவா."

நான் குப்பைக் கூடையை வெளியே வைக்கப் போகிறவன் மாதிரி போனேன். கார்க் கண்ணாடி வழியாகச் சிவப்புத் தொப்பி தெரிந்தது. காலை மடக்கி, முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு, ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தாள். கரகரவென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல். பழைய ஊரின் வானொலி, சிவப்பு அணியின் ஆட்ட வர்ணனை. பகலில் எட்டாது. பொழுது சாய்ந்த பிறகுதான் இத்தனை தூரம் வரும், அதுவும் கார் ரேடியோவில் மட்டும். அதை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். போகச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"கைய அங்க வெக்காதப்பா. சத்தம் போயிடும்."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு டயர் கடை விளம்பரம் வந்தது. அதை முழுவதும் அவள் கூடவே சொன்னாள், பாட்டு உட்பட. கேட்டி வீட்டுத் தெரு முனையில் இருக்கும் கடை. மறுபடி அந்தக் கிழவர் வந்தார். தூறல் விழுகிறது, மைதானத்துக்குப் படுதா போடுகிறார்கள், ஆட்டம் கொஞ்ச நேரம் நிற்கும் என்றார்.

"அங்க மழை," என்றாள் மீரா.

எங்களுக்கு மேலே வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவள் என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

அந்த வாக்கியம் என்னுடையது. அன்றைக்குக் காலையில்தான் காபி குடித்துக்கொண்டே, "தாம்பரத்துல மழையாம்" என்றேன். வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வேன். சுமதியும் மீராவும் அதற்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஜாஃபர் கூப்பிடும்போதெல்லாம் அவனைக் கெஞ்சி, தொலைபேசியை ஒரு நிமிடம் தெருப் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்வேன். "உனக்கு வேற வேல இல்ல" என்று திட்டிக்கொண்டே பிடிப்பான். "முடிச்சூர், முடிச்சூர்" என்று ஷேர் ஆட்டோக்காரர் கத்துவது கேட்கும். அதை வீட்டில் யாரும் பார்க்காமல் கழிவறைக்குள் நின்று கேட்பேன். இவள் காருக்குள் உட்கார்ந்து கேட்கிறாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மழை நிற்கிற வரை இரண்டு பேரும் அந்த டயர் கடை விளம்பரத்தை இன்னும் மூன்று தடவை கேட்டோம். மூன்றாவது தடவை நானும் கூடப் பாடினேன். சுமதி ஜன்னலில் நின்று என்ன என்று கையை ஆட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று நானும் கையை ஆட்டினேன்.

7

இன்று வியாழக்கிழமை. எழுதியதை இப்போதே அனுப்பாவிட்டால் ஜாஃபர் அந்த இடத்தில் எலி மருந்து விளம்பரம் போட்டுவிடுவான். கடைசி வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நான் கணினிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மீரா பின்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"ஜாஃபர் அங்கிளுக்கா? யாரு வின் பண்ணுவாங்கன்னு போட்டே?"

"நீலம்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கடை ஸ்டூலில் பன்னீர் சோடாவோடு கேட்ட கதை முழுவதும் அவளுக்கு ஞாபகம் இருப்பது தெரிந்தது.

"எத்தனை மேட்ச்?"

"மூணும்."

"மூணுமா! சத்தியமா?"

"அச்சுலயே வரப்போகுது. அங்கிள் டபுள் எஃபெக்ட்னு சொல்லியிருக்கார்."

அவள் கையை நீட்டி, என் தலையில் கோணலாக இருந்த நீலத் தொப்பியை நேராக்கிவிட்டுப் போனாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அந்தத் தொப்பியைத் தொட்டது இன்றைக்குத்தான்.

அண்ணா, இதைப் படித்துவிட்டு வருத்தப்பட வேண்டாம், ஏசிக்கு உறை போட்டு வையுங்கள். ஜாஃபர், நீ இந்த வரியை மாற்றினால் உன் கடை பிரமாதமாக நடக்கிறது என்று அடுத்த கட்டுரையில் எழுதிவிடுவேன். நிபந்தனைப்படி, இதோ என் வாயால்:

மூன்று ஆட்டமும் நீலத் தொப்பிக்கே. இதில் சந்தேகமே வேண்டாம்.